கண்ணாடி போட்ட கொம்பு

அண்ணன் பிரசங்கம் செய்யும்போது வேத வாக்கியங்களை வாசித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. பதினோரு வருஷமாக அதில் மாற்றமில்லை. "வாசிம்மா" என்பார் அண்ணன். மேடைக்கு இடப்பக்கம் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து வாசிப்பாள். "போதும்" என்றால் நிறுத்திவிடுவாள். வாக்கியம் பாதியில் தொங்கினாலும் நிறுத்திவிடுவாள். மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார்.

சபை கூடியது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். வெளிப்பக்கம் இரும்புப் படி, மேலே நீளமான ஒரு கூடம், தொண்ணூறு பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு மின்விசிறி. அதில் ஒன்று சுற்றும்போதெல்லாம் பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் போடும். பெரிய சாலையில் இருந்த பழைய சபையில் தனக்கு உதவிப் போதகர் பதவி கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, முப்பது பேரோடு வெளியே வந்து அண்ணன் ஆரம்பித்த சபை அது. முப்பது பேர் அறுபது பேராகி, அப்புறம் நாற்பதாகத் தேய்ந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு மிருகங்கள் கிடைத்தன.

நாட்டை இழந்து, அந்நிய அரண்மனையில் வேலை பார்த்த ஒரு தீர்க்கதரிசி கண்ட கனவு அது. கொந்தளிக்கிற கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வருகின்றன. கழுகின் சிறகுள்ள சிங்கம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற, வாயில் மூன்று விலா எலும்பைக் கவ்விய கரடி. நாலு தலையும் நாலு சிறகும் கொண்ட சிறுத்தை. கடைசியாக, எதைப்போல என்று சொல்லவே முடியாத ஒன்று, இரும்புப் பல்லும் பத்துக் கொம்புமாக. அண்ணன் இவை நான்கையும் சுவர் அகலத்துக்குப் பிளெக்ஸ் அடித்து, மேடைக்குப் பின்னால் மாட்டினார். மேலே ஒரு வெள்ளைத் துணி. வாரத்துக்கு ஒரு மிருகமாகத் துணியை விலக்குவது ஏற்பாடு.

முதல் வாரம் சிங்கம். அவள் வாசித்தாள். சிங்கத்தின் சிறகு பிடுங்கப்பட்டது என்ற இடத்தில் "போதும்" என்றார் அண்ணன். பெரிய சாலைச் சபையின் கூரைத் தகடு இரண்டு போன மழைக்காற்றில் பிய்ந்து தபால் நிலையத்து வாசலில் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். "சிறகு எங்க விழுந்துச்சுன்னு நான் சொல்லணுமா?" என்றார். கூடமே சிரித்தது.

அடுத்த வாரம் கரடி. கீழே இருக்கிற மெத்தைக் கடைக்காரர் ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றி இரண்டு முறை மாடியேறி வந்து சண்டை போட்டிருந்தார். இடுப்பில் ஏதோ கோளாறு, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பார். கடையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள், மூன்று பேரையும் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பார். ஒரு பக்கமாகச் சாய்ந்த கரடி, வாயில் மூன்று விலா எலும்பு. அண்ணன் பெயரே சொல்லவில்லை. மேடையில் நாலு எட்டு சாய்ந்து நடந்து காட்டினார், அவ்வளவுதான். முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போனார். அவளும் சிரித்தாள். புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் வாரம் சிறுத்தையின் நாலு தலையும், சபையை விட்டுப் போய் வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் அறையில் தனியாகக் கூடுகிற நான்கு குடும்பங்களாயின. அன்றைக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. படியில் எல்லாம் ஆள் நின்றார்கள்.

அவள் கணவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். இளவயதில் இரண்டு வருஷம் வேதக் கல்லூரியில் படித்துவிட்டு, பிடிக்காமல் வந்துவிட்டவர். படிப்பை விட்டாரே தவிர, படித்ததை விடவில்லை. ஒரு வாரமும் தவறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வரும் வழியில், "இன்னைக்கு மிருகக்காட்சி சாலை நல்லா இருந்துச்சு" என்பார். அவள் நடையை எட்டிப் போடுவாள்.

சிறுத்தை முடிந்த அன்று, வழக்கம்போலக் கேள்வி நேரம் வந்தபோது அவர் எழுந்தார்.

"ஒரு சின்ன சந்தேகம் மச்சான். கனவு கண்டவரு பக்கத்துல நின்ன தூதன்கிட்ட அர்த்தம் கேக்குறாரு. தூதனும் சொல்றான். நாலு மிருகம் நாலு ராஜ்யம்னு அதே பக்கத்துல இருக்கு. ராஜ்யம்னா பெரிய பெரிய பேரரசு. ஒண்ணு விழுந்து இன்னொண்ணு எழும்பும், ஆனா எதுவும் நிக்காதுன்னு, நசுங்கிக் கிடந்த ஜனங்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. அதைக் கொண்டுவந்து மெத்தைக் கடையில எறக்குறீங்களே, எப்படி?"

பின்வரிசையில் மூன்று பேர் தலையாட்டினார்கள். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளைக் கிண்டல் செய்தவனை அடிக்கப் போவதற்கு முன்னால் அண்ணன் அப்படித்தான் சிரிப்பார்.

"மாப்பிள்ளை நல்ல கேள்வி கேட்டாரு. பதில் அடுத்த வாரம்."

அடுத்த வாரம் நாலாவது மிருகத்தின்மேல் இருந்த துணி விலகியது. பத்துக் கொம்பு. நடுவில் இன்னொரு சின்னக் கொம்பு முளைத்து, ஏற்கெனவே இருந்த மூன்றைப் பிடுங்கி எறிகிறது. அந்தக் கொம்புக்கு மனுஷக் கண் உண்டு, பெருமை பேசுகிற வாயும் உண்டு. அவள் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சிரிப்பு கேட்டது. வாசிப்பை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். பிளெக்ஸில் அந்தச் சின்னக் கொம்பின் கண்களுக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி ஒட்டியிருந்தது. கறுப்புச் சட்டம், வட்டக் கண்ணாடி. அவள் கணவர் போட்டிருப்பது அதுதான்.

"போதும்" என்றார் அண்ணன். "கண்ணு இருக்கு. வாயும் இருக்கு. மூணு கொம்பைப் பிடுங்கப் பாக்குது. போன வாரம் பின்னாடி மூணு தலை ஆடுச்சே, பாத்தீங்கல்ல?"

எல்லோரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். தலையாட்டிய மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து, நாற்காலியை ஓசையில்லாமல் ஓரமாக வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவள் புத்தகத்தோடு மேடையில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் முடிகிறவரை நின்றாள். அதுதான் அவளால் பிற்பாடு தாங்க முடியாமல் போனது.

திங்கட்கிழமை காலையில் கடை ஷட்டரில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கொம்பு வரைந்திருந்தார்கள். அவர் ஈரத்துணியால் துடைத்தார். செவ்வாய்க்கிழமை தாராலேயே வரைந்திருந்தார்கள். அது போகவில்லை. கண்ணாடி செய்யச் சொல்லியிருந்த சபைக்காரர் ஐந்து பேர் வாங்க வரவே இல்லை. வேறு யாருக்கும் பொருந்தாத ஐந்து ஜோடி கண்ணாடிகள் மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்பதாவது படிக்கும் மகள் வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் பையைச் சுவரோரம் எறிந்தாள்.

"மாமா சபைப் பிள்ளைங்க என் பக்கத்துல உக்கார மாட்டாங்களாம். தலையில கை வச்சுக் கொம்பு காட்டுறாங்க. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். நீங்களும் போகாதீங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கே வந்தார், அண்ணியோடு. உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றபடியே பேசினார்.

"மாப்பிள்ளை சபை முன்னாடி ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா எல்லாம் முடிஞ்சுது."

"எதுக்கு மச்சான் மன்னிப்பு? உள்ளதைப் படிச்சதுக்கா?"

"படிச்சவரு திமிரு இது."

"படிக்காத திமிரைவிட இது பரவாயில்ல."

"என்னங்க, சும்மா இருங்க" என்றாள் அவள். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "அண்ணா, அந்தக் கண்ணாடியை எடுத்துடு. ஒட்டினது நீதானே? எடுத்துடு, போதும். என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கொம்பு காட்டிக் கேலி பண்றாங்க."

"உன் புருஷன் வாயை மூடியிருந்தா பிள்ளைக்கு இது வந்திருக்காது." அண்ணன் குரல் உயர்ந்தது. "அப்பா நம்மளை விட்டுட்டுப் போனப்ப உனக்கு எட்டு வயசு. நான் லாரி ஷெட்டுல மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வச்சேன். இன்னைக்கு நீ நிறுத்தி நிதானமா வாசிக்கிற பாரு, அந்த எழுத்து என் முதுகுல ஏறி வந்தது. மறந்துடாதே."

அது உண்மை. அவர் முதுகில் தோல் உரிந்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டது அவள்தான். அண்ணி அவளைப் பார்க்காமல் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து வாசி. மாப்பிள்ளை வரட்டும், வராம போகட்டும். நீ வரணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கினார்.

அவர்கள் போனதும் கண்ணாடிக்காரர் சிரித்தார். "பாத்தியா, பதில் சொல்ல முடியல, மூட்டைக் கதைக்குப் போயிட்டாரு."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நீங்க ஒண்ணும் ஒழுங்கில்ல. உண்மை தெரியணும்னு கேட்டீங்களா அந்தக் கேள்வியை? எல்லார் முன்னாடியும் அவரைக் குட்டணும்னு கேட்டீங்க. தனியா வீட்டுல கேட்டிருக்கலாமே?"

"நீதான் மேடையில நின்னே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

சனிக்கிழமை முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மத்தியானம் அவள் புத்தகத்தை எடுத்து அடுத்த நாள் பகுதியைத் தனியாக வாசித்துப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, அண்ணன் குறித்துக் கொடுத்த இடத்தில் நிறுத்தாமல் கடைசிவரை போனாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அன்றைய கனவு வேறு. இரண்டு கொம்புள்ள ஓர் ஆட்டுக்கடா மேற்கும் வடக்கும் தெற்குமாக முட்டித் தள்ளுகிறது, எதுவும் அதன் முன்னால் நிற்க முடியவில்லை. அப்போது மேற்கிலிருந்து ஒரு வெள்ளாட்டுக்கடா தரையில் கால் படாமல் பாய்ந்து வருகிறது. அதன் கண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய கொம்பு. வந்த வேகத்தில் ஆட்டுக்கடாவின் இரண்டு கொம்பையும் முறித்து, கீழே தள்ளி மிதிக்கிறது.

"ஆட்டுக்கடா யாரு? பெரிய சாலையில கூரை பறிகொடுத்தவங்க" என்றார் அண்ணன். "கால் தரையில படாம வர்றது யாரு? நாம எங்க இருக்கோம்? மாடியில! கால் தரையில படுதா?"

கைதட்டல் எழுந்தது. "வாசிம்மா, அந்த வெள்ளாடு எவ்வளவு பெருசா ஆச்சுன்னு வாசி."

வெள்ளாடு மிகவும் வல்லமை பெற்றது என்று வாசித்தாள்.

"போதும்."

அவள் நிறுத்தவில்லை. அது பலத்தின் உச்சியில் இருக்கும்போதே அந்தப் பெரிய கொம்பு முறிந்துபோனது என்பது அடுத்த வரி. அதையும் வாசித்தாள்.

"போதும்னு சொன்னேன்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கனவு புரியாமல் தவிக்கிற தீர்க்கதரிசியிடம் தூதன் வந்து விளக்குகிற பகுதி. இரண்டு கொம்புள்ள கடா மேதியர், பெர்சியர் ராஜாக்கள். வெள்ளாடு கிரேக்கரின் ராஜா. யாரும் ஊகிக்க வேண்டியதே இல்லை, பெயரோடு எழுதியிருந்தது. ஒலிபெருக்கி அணைந்தது. அண்ணன்தான் கம்பியைப் பிடுங்கியிருந்தார். பதினோரு வருஷம் அந்தக் கூடத்தில் வாசித்த குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. பல்லைக் கடிக்கிற மின்விசிறிக்கு மேலாகவே அது கடைசி வரிசைக்குப் போயிற்று. அந்த அதிகாரத்தின் கடைசி வரிகளில், இதையெல்லாம் கண்ட தீர்க்கதரிசி பல நாள் நோயாகப் படுத்துவிட்டார் என்றும், கண்டதை நினைத்துத் திகைத்தார் என்றும், அதை யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை என்றும் இருந்தது. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

பிறகு நடுவரிசையிலிருந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "கண்டவருக்கே காய்ச்சல் வந்திருக்கு. நாம நாலு வாரமா சிரிச்சுக்கிட்டு இருக்கோம்."

"உக்காருய்யா!" என்று யாரோ அதட்டினார்கள். "சரியாத்தானே சொல்றாரு" என்றது ஒரு பெண் குரல். நாற்காலிகள் இழுபட்டன. வாசலோரப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பெஞ்சுக்காரர்கள் என்று சபையில் பெயர் வாங்கிய, அண்ணன் சொன்னால் எதையும் செய்கிற நாலு பேர் எழுந்து நின்றார்கள்.

அண்ணன் கையை உயர்த்தினார். முகம் வெளுத்திருந்தது.

"வேதத்துல இன்னொரு தரிசனமும் இருக்கு. கடைசிப் புத்தகத்துல. சிவப்பா ஒரு மிருகம், ஏழு தலை, பத்துக் கொம்பு. அதுமேல ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. அவளுக்கு என்ன பேருன்னு நெத்தியில எழுதியிருக்கு. உங்களுக்கெல்லாம் தெரியும். நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். ஏன்னா அவ என் கூடப் பிறந்தவ."

எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். விபசாரி என்று அர்த்தம்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். இன்னொரு வார்த்தை வரும், வாய் தவறிவிட்டது என்பார் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு அண்ணன்மேல் இருந்த பற்று விட்டுப்போயிற்று. புத்தகத்தை நாற்காலியில் வைக்கவில்லை, கையோடு எடுத்துக்கொண்டாள். நடுவழியாக நடந்தாள். பெஞ்சுக்காரர்களில் ஒருவன் காலை நீட்டினான். அவள் தாண்டவில்லை. அவன் காலை மடக்கும்வரை நின்றாள். அவன் மடக்கினான். பேருந்து ஓட்டுநரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அவளுக்குப் பின்னால் இறங்கினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

கீழே மெத்தைக் கடை திறந்திருந்தது. அவள் நேராக உள்ளே போனாள். கடைக்காரர் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கல்லாவில் இருந்தாள்.

"உங்களைக் கரடின்னு மேல பேசினப்ப வாசிச்சது நான்தான்" என்றாள் அவள். "சிரிக்கவும் சிரிச்சேன். தப்பு. மன்னிச்சுடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு உன்னைச் சொன்னதும் வந்துட்டியா? எங்களுக்கு இந்தத் தளத்து வழியா ஒரு வார்த்தை விடாம கேக்கும். உன் குரல்தான் ரொம்பத் தெளிவாக் கேக்கும். என் பொண்டாட்டி அன்னைக்குக் கல்லாவை விட்டு எந்திரிச்சு உள்ளே போயிட்டா. மூணு வாரம் ஏன் வரல?"

"தோணல" என்றாள். அதுதான் உண்மை.

"அப்ப போ."

அவள் இன்னும் ஒரு கணம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. நியாயம் என்பதால் வலி குறையவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "கடைசிவரைக்கும் வாசிச்சியா? பேரரசு பேரெல்லாம் சொன்னியா? மச்சான் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அவர் என்னை என்ன சொன்னார்னு கேக்க மாட்டீங்களா?"

சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நான் போய்க் கேக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம். நீங்க ஒரு கேள்வி கேட்டது போதும்."

அதற்குப் பிறகு சபை சுருங்கும் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்த்தார். சுருங்கவில்லை. போதகருடைய தங்கச்சியே எதிரி ஆகிவிட்டாள் என்ற செய்தியைக் கேட்டே புதிதாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இப்போது வாசிக்கிறாள், சொன்ன இடத்தில் நிறுத்துகிறாள் என்று பேருந்து ஓட்டுநர் வந்து சொன்னார். அவர் எந்தச் சபைக்கும் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, அங்கே கணவருக்கு உதவியாக உட்கார ஆரம்பித்திருந்த அவளை ஏதாவது ஒரு பகுதி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார், விளக்கம் கேட்க மாட்டார். கண்ணாடிக்காரர் விளக்கப் போனால் கையமர்த்திவிடுவார்.

எட்டு மாதம் கழித்து அண்ணி கடைக்கு வந்தாள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மேஜைமேல் பத்திரிகையை வைத்தாள். உறையில் அவளுடைய பெயர் மட்டும் இருந்தது. கணவர் பெயர் இல்லை, மகள் பெயர் இல்லை.

"இது என்ன அண்ணி?"

"உன் அண்ணன் அப்படித்தான் எழுதச் சொன்னாரு. நீ மட்டும் வா. வந்து அவர் கால்ல ஒரு தடவை விழுந்தா எல்லாம் சரியாயிடும். கூடப் பிறந்தவரு, மனசு வச்சிருக்காரு."

"என்னை எல்லார் முன்னாடியும் என்ன சொன்னார்னு நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அது பொய்தானே அண்ணி?"

அண்ணியின் உதடு இறுகியது. "எனக்கு அந்த வீட்டுல பொழைக்கணும். நீ புத்தகத்தைத் தூக்கிட்டு இறங்கிப் போயிட்டே. நான் எங்க போறது? உன்னால அந்த ஆளு ராத்திரி பகல் வீட்டுல எரிஞ்சு விழறாரு. என்னைக் கேள்வி கேக்க உனக்கு என்ன இருக்கு?"

அவள் பத்திரிகையை உறையோடு எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். "பொண்ணு நல்லா இருக்கட்டும். மூணு பேர் பெயரும் எழுதினா மூணு பேரும் வர்றோம். கால்ல விழ மாட்டேன்."

"திமிரு" என்றாள் அண்ணி. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே திமிரு." பத்திரிகையைப் பையில் திணித்துக்கொண்டு, தெருவில் வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் குறுக்கே நடந்தாள்.

மூன்று பெயர் எழுதிய பத்திரிகை வரவில்லை. கல்யாண நாளன்று கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். அன்றைக்கு ஏழு பேர் வந்தார்கள். அளவு பார்க்கும் நாற்காலியில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். தெரியாத எழுத்தைத் தெரியும் என்று அடித்துவிட்ட ஒரு பெரியவரிடம் மட்டும் கோபப்பட்டாள்.

"தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

அவள் குரல் அவ்வளவு கடுமையாக வந்ததில் அந்த மனிதர் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கண்ணாடி வில்லையை மாற்றிப் போட்டு, மறுபடியும் மேல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னாள்.